வரிசையில் நின்ற செருப்புகள்

சிப்பிக்காடு காலனியில் வரிசையில் ஆளுக்குப் பதிலாகச் செருப்பு நிற்பது ஒன்றும் புதிதில்லை. ரேஷன் கடையானாலும் தண்ணீர் லாரியானாலும், விடியும் முன்னே ஒரு ஜோடி செருப்பையோ அரைச் செங்கல்லையோ துணிப்பையையோ வைத்துவிட்டு, அது நிற்கிற இடத்தில் தானே நிற்பதாக ஊர் எடுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வருகிற பெண்கள் நிறைந்த ஊர் அது. அடுத்தவர் செருப்பை நகர்த்தி வைத்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அந்த வீட்டில் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். புதிது என்னவென்றால், ஐப்பசி மழை பிடித்து உப்பளங்களை அடைத்த நாலாம் நாள், செருப்பை வைக்க ஆள் யாரும் வரவில்லை, செருப்பு மட்டும் தானாக நடந்து வந்தது.

பார்த்தது தங்கப்பழம் அண்ணாச்சி. உதவி மையத்து வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தெருவிலிருந்து ஊதா வார் போட்ட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, இடது வலது இடது வலது என்று, தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, படியேறி வந்து, கதவுக்கு நேராக முதல் இடத்தில் ஒட்டி நின்றது. அண்ணாச்சி பீடியைக் காதில் செருகிக்கொண்டு, மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மையம் என்பது பழைய உப்புக் கிட்டங்கி. ஈரக்காற்று பட்டால் அதன் சுவர் இன்றைக்கும் வேர்க்கும். மூட்டை அடுக்கிய இடத்தில் காலனிக்காரர்கள் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஓர் இரும்பு அலமாரி போட்டிருந்தார்கள். அரிசி பருப்பு, பிள்ளைகளுக்குப் பால் மாவு, சுகர் மாத்திரை, பிரசவத்துக்கு வண்டி, இழவு வீட்டுக்கு நாற்காலி, வயசானவர்களுக்கும் விதவைகளுக்கும் மனு எழுதுவது எல்லாம் அங்கேதான். மழைக்காலம் மூன்று மாதமும் அளத்தில் வேலை கிடையாது என்பதால் அந்த மூன்று மாதமும் வராந்தா நிரம்பி வழியும்.

மேசைக்கு உரியவள் அமலோற்பவம், ஊருக்கு அமலி. பதினாலு வருஷம் உப்பு வாரியவள், புருசனைப் புதைத்தவள், மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தவள், இப்போது ஐம்பது வயதில் அந்த மேசையே குடும்பம் என்று இருக்கிறவள். நல்லவள்தான், ஆனால் சட்டம் பேசுகிற நல்லவள். தேவைப்பட்டவர் நேரில் வர வேண்டும், பேரைச் சொல்ல வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வெட்கப்பட்டு வராமல் இருக்கிறவர்களைப் பற்றி யாராவது காதைக் கடித்தால், "கேக்குறவங்களுக்குத்தான் குடுக்க முடியும். மனசுல கெடக்குறதப் பாத்துக் குடுக்க நான் என்ன மாதாவா?" என்பாள்.

எனவே அன்று ஊதாச் செருப்பைப் பார்த்தவள், யாரோ விட்டுப்போனது என்று குடையும் டிபன் பாக்ஸும் கிடந்த மூலையில் கொண்டு வைத்தாள். மறுநாள் காலை அது மறுபடி முதல் இடத்தில் நின்றது. மறுபடி மூலையில் வைத்தாள். மூன்றாம் நாளும் நின்றது. ஆனால் அன்றைக்கு வரிசையில் இருந்தவர்கள் அதை எடுக்க விடவில்லை. முதல் ஆளுக்குக் கொடுக்காமல் நாங்கள் எப்படி வாங்குவது என்று நாற்பது பேரும் செருப்புக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒருத்தரும் அதைத் தாண்டி வரவில்லை.

"ஆளே இல்லாம நான் யாருக்குட்டி குடுக்க?" என்று கத்தினாள் அமலி.

"செருப்பு நிக்குதுல்லாக்கா. செருப்பு நின்னா ஆள் நின்ன மாதிரிதான," என்றாள் இரண்டாவதாக நின்றவள். பிறகு குரலை இறக்கி, "அது ஜெயக்கொடியோடது," என்றாள்.

ஜெயக்கொடியின் புருசன் செல்லத்துரை லாரியில் மூட்டை ஏற்றும்போது மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் எட்டு மாதமாகப் பாயில் கிடந்தான். அன்றைக்குச் சாத்திய கதவை அவள் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்பினாள். தினமும் பதினொரு மணிக்கு அவள் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். சட்னி அரைக்கிறாள், பரவாயில்லை, சமாளிக்கிறாள் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது.

அமலி வேறு வழியில்லாமல் ஒரு பையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் போட்டாள். செருப்பைத்தான் எப்படி எடுத்துப் போவது என்று தெரியவில்லை. அடுத்தவர் செருப்பைக் கையில் தூக்குவது என்றால் சும்மாவா? முதலில் பேப்பரில் சுற்றினாள், மழையில் பேப்பர் கிழிந்தது, கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு மூன்றாம் தெருவுக்கு நடந்தாள். கதவைத் தட்டினாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. ஜெயக்கொடி கதவைத் திறந்தபோது எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உனக்கு உதவி கொண்டுவந்தேன் என்று சொன்னால் இந்தக் கதவு இன்னும் எட்டு மாதத்துக்குத் திறக்காது என்று அமலிக்கு அந்த நொடியில் விளங்கியது. யோசிக்காமலே வாயில் வந்ததைச் சொன்னாள்.

"செருப்பு மாறிப் போச்சு போல. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய வார்த்தை. ஜெயக்கொடி செருப்பைப் பார்த்தாள், தன் வெறுங்காலைப் பார்த்தாள், எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. மாறித்தான் போச்சு," என்றாள். "உள்ள வாங்க."

உள்ளே மேடையில் மிக்ஸி திறந்து கிடந்தது. ஜாரில் ஒன்றும் இல்லை, ஈரம்கூட இல்லை. எட்டு மாதமாகத் தெருவின் காதுக்காக ஓடியது காலி மிக்ஸி. அமலி பையை அதன் பக்கத்தில் வைத்தாள். மாதாவா நான் என்று கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு செருப்புகள் வரத் தொடங்கின. காலை ஏழு மணிக்குள் ஐந்தாறு ஜோடி வந்து நிற்கும். எதனால் வருகின்றன என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்க அந்த ஊருக்கு நேரமில்லை. வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே சங்கடம், யார் செருப்பை யார் தூக்குவது என்று. நான் தூக்கமாட்டேன் என்றும் எங்கள் வீட்டில் தூக்க விடமாட்டார்கள் என்றும் இழுத்துக்கொண்டே இருந்தபோது தங்கப்பழம் அண்ணாச்சி எழுந்தார். அவர் காலில் செருப்பே போடாதவர். சின்ன வயதில் ஒரு ஊரின் ஒரு தெருவுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அதை வாய்க்காலில் எறிந்தவர் அதன்பின் வாங்கவில்லை.

"நான் எஞ் செருப்பப் பயந்து தூக்குனேன். அது அவமானம்," என்றார். "ஒருத்தருக்குத் திருப்பிக் குடுக்கத் தூக்குனா அதுல என்னய்யா இருக்கு?"

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. மிச்சத்தை அமலி வகுத்தாள். சட்டம் பேசுகிறவளுக்குப் புதுச் சட்டம் கிடைத்தால் கேட்க வேண்டுமா? செருப்பு வராமல் யார் வாசலுக்கும் போகக் கூடாது. வராந்தாவில் வைத்து யார் செருப்பு என்று உரியவர் காதுபடச் சொல்லக் கூடாது. கொண்டுபோகிறவர் வாசலில் உதவி என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது, செருப்பு மாறிப் போச்சு போல என்றுதான் சொல்ல வேண்டும். முக்கியமாக, செருப்பைக் கொண்டுபோகிறவர் ஒரு தடவையாவது தன் செருப்பைத் திரும்பப் பெற்றவராக இருக்க வேண்டும். அந்த வாசலின் அந்தப் பக்கம் நின்றவருக்குத்தான் இந்தப் பக்கம் எப்படி நிற்பது என்று தெரியும். தொடங்கிவைத்தவள் என்பதால் அமலிக்கு மட்டும் விலக்கு. தன் செருப்பும் ஒருநாள் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஒருத்தன் ஒரு தேவையும் இல்லாமலே தன் செருப்பைக் கையில் கொண்டுவந்து வரிசையில் வைத்துப் பார்த்தான். அது பத்து மணிக்குத் தானாகக் கிளம்பி, கடைத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்க அவன் வீட்டுக்கே திரும்பிப் போனது. இன்னொருத்தர் மானத்துக்குப் பயந்து செருப்பைக் கயிற்றால் கட்டிலில் கட்டிப்போட்டார், கட்டில் அரை அடி நகர்ந்திருந்ததைக் காலையில் பார்த்ததும் தானே அவிழ்த்துவிட்டார். தங்கப்பழம் அண்ணாச்சிக்கு நெஞ்சில் சளி கட்டி நாலு நாள் எழ முடியாமல் கிடந்தபோது, செருப்பு இல்லாத அந்த மனிதருக்காக வராந்தாவில் இரண்டு வெள்ளைக் காலடிகள் உப்புப் பூத்து வரிசையில் நின்றன. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் ஜெயக்கொடி ஒரு கிண்ணத்தில் சுரண்டி எடுத்துக்கொண்டு போய், "அண்ணாச்சி, காலடி மாறிப் போச்சு போல," என்றாள். அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

மையத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஆட்களைவிடச் செருப்புகள் கூடுதலாக நிற்பதைப் பார்த்து ஆட்கள் எங்கே என்று கேட்டார். செருப்பு இருக்குல்லா சார் என்றார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்து வெளியே வந்தால், தூணோரம் கழற்றி வைத்த அவருடைய கறுப்பு ஷூ வரிசையின் கடைசியில் நின்றது. சாக்ஸோடு நின்ற அவரிடம் அண்ணாச்சி அதை எடுத்துக்கொடுத்து, மாறிப் போச்சு போல சார் என்றார். அதிகாரி ஷூவைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதைப் பற்றி ஒரு டீ ஆறிப்போகும்வரை சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடி அடுத்த மழைக்காலமும் வந்தது. அதற்குள் அமலிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

பதினாலு வருஷம் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பிய வெயிலைப் பார்த்த கண். முதலில் எழுத்துகள் கலங்கின, பிறகு முகங்கள். பேரேட்டின் பக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்ததால் தப்பித்தாள். ஆட்களைக் குரலால் கண்டுகொண்டாள். மனு எழுதும்போது காகிதத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய், "இந்தக் கிட்டங்கில வெளிச்சமே பத்தல," என்று கரண்டுக்காரனைத் திட்டினாள். தெரிந்தால் மேசையில் வேறு ஆளை உட்காரவைப்பார்கள் என்று பயந்தாள். அந்த மேசை போய்விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. கொடுக்கிறவளாக இருந்து பழகியவளுக்கு வேறு எதுவாகவும் இருக்கத் தெரியவில்லை.

அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது செல்லத்துரை. அவனுக்குச் சக்கர நாற்காலி கேட்டு அமலி எழுதிய மனு ஒருமுறை திரும்பி வந்தது, ஆதார் எண் தவறு என்று. மறுபடி எழுதினாள். மறுபடி திரும்பி வந்தது. "ஆபீஸ்ல உள்ளவனுங்களுக்குக் கண்ணு தெரியல," என்று அமலி சொன்னபோது, எதிரில் நின்ற ஜெயக்கொடி திரும்பி வந்த காகிதத்தைப் பார்த்தாள். ஒரே எண்ணை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தது. எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. ஜெயக்கொடிக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் செருப்பு வராமல் யார் வாசலுக்கும் போகக் கூடாது, அதுதானே சட்டம். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் அமலியின் செருப்பு காணாமல் போனது. மையத்துக்குள் வரும்போது தூணோரம் கழற்றிவிட்டவள், மதியம் காலால் துழாவிப் பார்த்தாள், இல்லை. நாய் தூக்கிப் போயிருக்கும் என்று வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். அன்று வரிசையில் வந்த செருப்பெல்லாம் வீடு திரும்பிய பிறகும் கடைசியில் ஒரு ஜோடி மிச்சம் நின்றது.

"இது யாரோடது?" என்று மறுநாள் கேட்டாள் அமலி.

அந்தச் செருப்பை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. இடது வார் அறுந்து, பச்சை வலை நூலால் தைத்து முடிச்சுப் போட்ட செருப்பு. அதன் சத்தம் கேட்டுத்தான் ஊர் மணி ஒன்பது என்று தெரிந்துகொள்ளும். அமலி குனிந்து பார்த்தாள். மங்கலாக இரண்டு தீற்றல்கள் தெரிந்தன.

"புது ஆளு போல," என்றாள். "பாவம், யாருக்கு என்ன கஷ்டமோ. சீக்கிரம் யாராவது கொண்டு குடுங்கட்டி."

நாற்பது பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று நாள் இப்படியே நடந்தது. தினமும் அவள் கேட்டாள், தினமும் அவர்கள் தலையைக் குனிந்தார்கள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? பேசியே தோலை உரித்துவிடுவாளே.

நாலாம் நாள் சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம், அமலி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் வரும் சத்தம் கேட்டது.

"யாரு, ஜெயக்கொடியா?"

"ஆமாக்கா." கொஞ்சம் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு ஜெயக்கொடி சொன்னாள். "செருப்பு மாறிப் போச்சு போல. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அமலி சிரித்தாள். "ஏட்டி, யார் வீட்டுக்குப் போகணும்னு சரியாப் பாத்து வாறதில்லையா? வீடு மாறி வந்துட்டியே."

"மாறலக்கா. இந்த வீட்டுக்குத்தான்."

முறத்தைத் தள்ளிவைத்து, அவள் மடியில் செருப்பை வைத்தாள் ஜெயக்கொடி. அமலியின் விரல் இடது வாரில் ஊர்ந்து போய், தானே போட்ட வலை நூல் முடிச்சில் முட்டி நின்றது.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கென்ன குறை, யார் கேட்டது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் திறந்தது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். அவளுக்கு அது தெரிந்த அமைதி. ஒரு வருஷமாக எத்தனையோ வாசல்களில் அதன் நடுவில் நின்று, உள்ளே இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"எத்தன நாளாட்டி நிக்குது?"

"நாலு நாளாக்கா."

"தெனமும் யாரோடதுன்னு கேட்டேனே."

"கேட்டிய."

"ஒருத்தியாவது சொன்னீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

அமலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, அழுகைதான் ஜெயித்தது. முந்தானையால் அந்த உதவாத கண்களைத் துடைத்துக்கொண்டே, திடீரென்று நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அந்த மனு. செல்லத்துரைக்கு எழுதுனது. ரெண்டு தடவ திரும்பி வந்துச்சே, அது நான் எழுதுன லட்சணமா? அவன் என்னாலதான் இத்தன மாசமா பாயில கெடக்கானா?"

ஜெயக்கொடி பொய் சொல்லவில்லை. "ஆமாக்கா," என்றாள். "எனக்குக் கோவம் வரத்தான் செஞ்சுது. ராத்திரி பகலா வந்துச்சு. பொறவு காலி மிக்ஸிய ஓட்டுனது யாருன்னு நெனச்சுப் பாத்தேன். புது மனு எடுத்துட்டு வந்திருக்கேன். என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க, எழுதி வாசிச்சுக் காட்டுதேன். இனி மேசையில ரெண்டு பேரும் இருப்போம். திங்கக்கெழம கண்ணாஸ்பத்திரிக்கும் ரெண்டு பேரும் போறோம்."

அமலியின் விரல் மடியில் கிடந்த செருப்பின் முடிச்சையே தடவிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயக்கொடி அவசரப்படுத்தவில்லை, எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமா," என்றாள் அமலி கடைசியில், எதிர்வீடு கேட்கிற குரலில். "மாறித்தான் போச்சு. உள்ள வா."

எதிர்வீட்டில் மறுபடி பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். ஜெயக்கொடி அமலியின் மடியிலிருந்த பச்சை நூல் செருப்பை எடுத்து வாசலில் வைத்து, அதன் பக்கத்தில் தன் ஊதாச் செருப்பையும் கழற்றி விட்டுவிட்டு, அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் அந்த இரண்டு ஜோடியும் வெகுநேரம் அப்படியே கிடந்தன. அன்றைக்கு அவை எங்கும் போகவில்லை.